ஏற்றம் பார்த்து நின்ற வண்டி

மலைப்பாதையில் ஹாரன் அடிக்காமல் ஒரு வளைவுகூடத் திரும்பாத என் மச்சான் சகாயத்துக்கு,

பழனிச்சாமி எழுதுகிறேன். பிக்கட்டிக்கு மேலே ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு லாரி ரிப்பேர் பார்க்கிற அதே பழனிச்சாமிதான். நீ உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுத என்ன அவசியம் இருந்தது? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தானே இருந்தாய். கடைசி ஒன்றரை வருஷம் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஊர்ச் சேதி. தேயிலை விலை இன்னும் எழுந்திருக்கவில்லை. நீ போனபோது எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடக்கிறது. பாக்டரி வாரத்தில் மூன்று நாள் பூட்டியிருக்கிறது. ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம் பாதிப் பேர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் பிடுங்கவும் மனசில்லாமல், பறிக்க ஆள் வைக்கவும் வழியில்லாமல் செடியைக் காடாக வளர விட்டிருக்கிறார்கள். எனக்கும் வேலை இல்லை. லாரி ஓடினால்தானே கெட்டுப்போகும்?

ஆனால் ஊர்ச் சேதிக்காக நான் பேனாவை எடுக்கவில்லை. போஜ கவுடரின் லாரி நின்ற இடத்தில் ஏன் அப்படிக் குலுங்கியது என்று கண்டுபிடித்துவிட்டேன். நீ டீசலைத் திருடவில்லை சகாயம். மண்ணெண்ணெய் கலக்கவில்லை. இதைப் போய் உனக்கே சொல்கிறேன் பார், உனக்குத் தெரியாத விஷயம் மாதிரி.

உன்னைத் தெரியாத புது ஆட்களும் இதைக் கேட்கப்போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கவுடரின் பழைய லாரியை நீ ஒன்பது வருஷம் ஓட்டினாய். சின்னத் தோட்டக்காரர்கள் பறித்து வைக்கிற பச்சை இலையை ஒவ்வொரு இலைக் கொட்டகையிலும் நின்று நின்று ஏற்றி, பாக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. பேட்டரி செத்துப்போயிருந்தது. விலை விழுந்த காலத்தில் புதுப் பேட்டரிக்கு யார் போவது? காலையில் இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்தால், சாயங்காலம் வரைக்கும் எஞ்சினை அணைக்கக் கூடாது. இலையைத் தராசில் நிறுத்து முடிக்கிறவரை வண்டி நின்றபடியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைந்துவிட்டால் பத்துப் பேர் தள்ள வேண்டும். அதற்குள் சாக்கில் இலை சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையைப் பாக்டரி எடுக்காது. பறித்தவர்களின் ஒரு நாள் பாடு ரோட்டோரத்தில் குப்பையாகக் கிடக்கும்.

அப்படிப்பட்ட வண்டிக்கு ஐட்லிங் நிற்கவில்லை. காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்ததும் எஞ்சின் ஏறும், இறங்கும், மூச்சுத் திணறும், மொத்த பாடியும் குலுங்கும், அணைந்துபோகும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்றால்தான் இந்தக் கூத்து. அதுவும் மலைச்சரிவில் இருக்கிற மேல் இலைக் கொட்டகையில்.

நீ வண்டியை என்னிடம் கொண்டுவந்தாய். பில்டரை மாற்றினேன். வால்வு இடைவெளியைச் சரி செய்தேன். டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிச் சோதித்து வாங்கினேன். என் கொட்டகை வாசலில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தால், எஞ்சின் மேல் டம்ளர் தண்ணீர் வைத்தாலும் அலம்பாது. மூன்றாம் நாள் நீ திரும்பவும் வந்து நின்றாய்.

"மச்சான், ஒரு தடவ மேல் கொட்டாய்க்கு வந்து பாரு. வண்டி ஏத்தம் பாத்து நின்னாத்தான் குலுங்குது. இறக்கம் பாத்து நின்னா கம்முனு இருக்குது."

நான் சிரித்தேன். "ஏன்டா, எஞ்சினுக்கு மேடு பள்ளம் தெரியுமா? உனக்கு மலை ஏறி ஏறி மண்டை குழம்பிப்போச்சு."

நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது. ஒரு மெக்கானிக்குக்கு அதைவிடத் தெளிவாக யாராலும் நோயைச் சொல்ல முடியாது. மலைநாட்டில் இருபது வருஷம் லாரி பார்த்தவன் நான். என் கொட்டகை இருக்கிற இடம் மட்டும் தோசைக்கல் மாதிரி சமம். குந்தா மின்திட்டத்துக்குக் குழாய் அடுக்க அந்தக் காலத்தில் வெட்டிச் சமப்படுத்திய இடம் அது. இந்த மலையில் சமதளத்தில் நிறுத்தி வேலை பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். அந்த லாரி நாள் முழுக்க நிற்கிற இடத்தில் நான் ஒருநாளும் போய் நிற்கவில்லை. நடந்து போனால் இருபது நிமிஷம். மழையாக இருந்தது, அட்டை கடிக்கும் என்று நினைத்தேன். காரணம் அவ்வளவுதான்.

ஐந்தாம் தடவை நீ தனியாக வரவில்லை. கவுடரும் வந்தார். அன்று இலை சிவந்து திரும்பியதால் கொதித்துப்போயிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கவுடர் கெட்ட மனுஷன் இல்லை. என்னைத்தான் கேட்டார்.

"பழனி, நாலு தடவ பாத்துட்ட. உன் வாயால சொல்லு. வண்டில கோளாறா, வேற எதுலயாவது கோளாறா?"

'வேற' என்றால் என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நம் பக்கத்தில் லாரி குலுங்கினால் முதல் சந்தேகம் அதுதான். டிரைவர் டீசலை உறிஞ்சி விற்றுவிட்டு, ரேஷன் மண்ணெண்ணெயை ஊற்றி அளவைச் சரிக்கட்டுகிறான் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கவுடரின் லாரி ஒன்றுதான் அப்போது மாசம் தவறாமல் என்னிடம் வந்துகொண்டிருந்தது. நாலு தடவை பார்த்தும் தெரியாதவன் என்று ஆகிவிட்டால் அதுவும் குன்னூர் மெக்கானிக்கிடம் போய்விடும்.

டேங்க் மூடியைத் திறந்தேன். ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்தேன். மூக்கருகே வைத்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மண்ணெண்ணெய் வாசம் அடிக்குதுங்க கவுடரே."

நீ என்னைப் பார்த்து, "மச்சான்?" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். நான் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் யாரோ உன்னை ஒரு வார்த்தை சொன்னார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். கவுடர் கையை நீட்டினார். நீ சாவியைக் கொடுத்தாய். போகும்போது என் பக்கம் திரும்பி, "வரேனுங்க, மெக்கானிக்கு" என்றாய். பதினைந்து வருஷமாக வாடா போடா என்று பேசியவன், எனக்கு மரியாதை கொடுத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் 'ங்க' போட்டுத்தான். நீ ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்து நடந்தது உனக்கும் தெரியும். கவுடர் டேங்குக்குப் பூட்டுப் போட்டார். தன் கையாலேயே விளிம்பு வரை டீசல் நிரப்பினார். தானே ஓட்டினார். மேல் கொட்டகையில் ஏற்றம் பார்த்து நின்றும் வண்டி குலுங்கவில்லை. ஊருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? "பழனி சொன்னா சொன்னதுதான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கே உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒருவேளை நீ உண்மையாகவே திருடியிருப்பாயோ என்றுகூட நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால் தூக்கம் வந்தது.

உனக்கு வேறு லாரி கிடைக்கவில்லை. ஒருவரும் சாவி கொடுக்கவில்லை. நீ ஊட்டி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கப் போனாய். நாற்பத்தெட்டு வயதில் மூட்டை தூக்குகிற உடம்பா உன்னுடையது? நீ மாரடைத்துச் செத்த பிறகு, நெஞ்சில் ஏதோ இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை என்றார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்தாலும் அது உன்னைக் கொண்டுபோயிருக்குமா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்கப் பயம்.

அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்றேன். மண் போட உள்ளே வரவில்லை.

போன மாசம் கவுடர் வந்தார். தானே ஓட்டிக்கொண்டு வந்து, இறங்காமல் உட்கார்ந்தே பேசினார்.

"பழனி, வண்டி பழையபடி குலுங்குது. முன்ன மாதிரி டேங்க் நிறைக்கக் கையில ஏது? கேன்ல கொஞ்சங் கொஞ்சமா வாங்கி ஊத்துறேன். ஊத்துறது நானு, ஓட்டுறது நானு, பூட்டுச் சாவி என் மடில. இப்ப யாரு திருடுறான்னு சொல்லு."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அவர் சொன்னதிலேயே முழு நோயும் இருந்தது. டேங்க் நிறைந்திருந்தபோது குலுங்கவில்லை, குறைந்தால் குலுங்குகிறது. நீ ஓட்டிய கடைசி வருஷமும் கவுடர் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே டீசல் போட்டார்?

அன்றைக்கு முதல்முறையாக மேல் கொட்டகைக்கு அந்த வண்டியிலேயே ஏறிப் போனேன். நீ நிறுத்துகிற இடத்திலேயே, மூக்கு மலையைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். பின்பக்கம் தராசுக்கு நேராக வந்தால்தான் இலை ஏற்ற முடியும் என்பதால் அங்கே அப்படித்தான் நிறுத்தியாக வேண்டும். இரண்டு நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு ஆரம்பித்தது. கதவு, பானெட், கண்ணாடி எல்லாம் நடுங்க, நீ சொன்னபடியே குலுங்கியது. வண்டியைத் திருப்பி இறக்கம் பார்த்து நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. எஞ்சினுக்கு மேடு பள்ளம் தெரிந்திருந்தது.

டேங்கிலிருந்து வருகிற டீசல் பைப்பை எஞ்சின் பக்கம் கழற்றி, நடுவில் ஒரு முழம் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபை மாட்டினேன். திரும்பவும் ஏற்றம் பார்த்து நிறுத்தினோம். டியூபுக்குள் டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று ஓடிவந்தது. அதைப் பார்த்ததும் பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, ஒரு கேனில் டீசல் ஊற்றி கேபினில் தொங்கவிட்டு, டேங்கை விட்டுவிட்டு எஞ்சினுக்கு டீசல் இழுக்கிற பம்புக்கு நேராகக் கொடுத்தேன். குலுங்கவே இல்லை. எஞ்சினில் குறை இல்லை, டீசலிலும் இல்லை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கேயோ காற்று புகுகிறது.

வண்டிக்கு அடியில் படுத்து அந்த இரும்புப் பைப்பை விரலால் தடவிக்கொண்டே போனேன். பின் சக்கரத்துக்கு முன்னால் பைப்பைச் சேசிஸ் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தது. கம்பி வருஷக்கணக்காக உரசி உரசிப் பைப்பை அறுத்திருந்தது. மயிரிழை அளவுதான் ஓட்டை. வெளியே சொட்டக்கூட இல்லை. வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் டேங்க் கீழே போய்விடும், பம்ப் மேலே போய்விடும். டேங்கில் டீசலும் அடியில் கிடந்தால் பம்ப் தம் பிடித்து இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்றையும் குடிக்கும். சமதளத்தில் அந்தச் சிரமம் இல்லை. என் கொட்டகை வாசலில் ஆயிரம் தடவை பார்த்தாலும் தெரிந்திருக்காது.

அந்தக் கட்டுக்கம்பி முடிச்சு இடது பக்கமாக முறுக்கியிருந்தது. இந்த மலையில் இடது கையால் ஸ்பானர் பிடிக்கிற மெக்கானிக் யார் என்று உனக்குத் தெரியும். பைப்பைப் பிடிக்கிற கிளாம்ப் உடைந்திருக்கிறது, அடுத்த தடவை ரப்பர் வைத்துப் புதுசு மாட்டிக்கலாம் என்று சொல்லி நானே கட்டிய கட்டு. அந்த அடுத்த தடவை வரவே இல்லை. உன் வண்டியைக் கெடுத்தது நான். அந்தப் பழியை உன் தலையில் கட்டியதும் நான்.

பைப்பை மாற்றினேன். ரப்பர் வைத்துக் கிளாம்ப் போட்டேன். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் ஏற்றம் பார்த்தே ஒரு மணி நேரம் சீராக ஓடியது. கவுடரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய பைப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "விடு பழனி. போனவனுக்கு இனி என்ன செய்ய முடியும்? நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். ஒரு நிமிஷம் எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

ஒரு வாரம் கழித்து லூர்துவைப் பார்க்க உன் வீட்டுக்குப் போனேன். உன் பெண்சாதி இப்போது அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு இலை பறிக்கிறாள். வேலை முடிந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே பைப்பைப் பற்றி, கட்டுக்கம்பியைப் பற்றி, குமிழியைப் பற்றிச் சொல்லி முடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் தாளை உதறி மடித்தாள். "எங்கிட்ட எதுக்குங்கண்ணா சொல்றீங்க? நான் ஒருநாளும் அவரச் சந்தேகப்படலீங்களே. உங்க பேச்ச நம்புனவங்க மேல் கொட்டாயில இருக்காங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனேன் சகாயம். போன வியாழக்கிழமை, இலை நிறுக்கிற நேரத்தில், அன்று உன்னைப் பேசியவர்கள் எல்லாரும் இருக்கும்போது போனேன். ஓட்டை விழுந்த பைப்பைக் கையில் பிடித்துக் காட்டினேன். சகாயம் திருடவில்லை, என் கட்டுத்தான் காரணம் என்று சொன்னேன். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். "ஓட்டை கண்ணுக்கே தெரியலியே, நீ என்ன பண்ணுவ பழனி?" என்றார் ஒருவர். "இந்தக் காலத்துல எவன் வந்து இப்படி ஒத்துக்குவான்?" என்றார் இன்னொருவர். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நானும் குடித்தேன். உன் பேரைக் கெடுத்த இடத்தில் என் பேரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏனென்றால் நான் பைப்பைத்தான் சொன்னேன். குச்சியைச் சொல்லவில்லை. லூர்துவிடமும் சொல்லவில்லை. நான் கட்டிய மனைவிக்குக்கூட இது தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அன்றைக்கு எனக்குக் கடும் சளி. மூன்று நாளாக மூக்கு இரண்டும் அடைத்துக் கிடந்தது. காலையில் வீட்டில் வைத்த மிளகு ரசத்தின் வாசம்கூட எனக்கு ஏறவில்லை. அந்தக் குச்சியை மூக்கருகே வைத்தபோது மண்ணெண்ணெய் வாசமும் வரவில்லை, டீசல் வாசமும் வரவில்லை. எனக்கு ஒரு வாசமும் வரவில்லை சகாயம். வாசம் பிடிக்கிற மாதிரி மூச்சை இழுத்துக் காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஓட்டையைப் பார்க்காமல் விட்டது என் வேலையில் நேர்ந்த குறை. அதை எந்த மெக்கானிக்கும் மன்னிப்பான். இது அது இல்லை. இது நான் அறிந்தே சொன்ன பொய். நீ "மச்சான்?" என்று கேட்டபோதுகூட, சளி பிடித்திருக்கிறது, வேறு யாராவது முகர்ந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் பன்னிரண்டு மூக்கு இருந்தது. ஒருவரும் முகர்ந்து பார்க்கவில்லை. நான் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

நாளைக்குத் திரும்பவும் வியாழக்கிழமை. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேல் கொட்டகைக்குப் போகிறேன். லூர்துவையும் வரச் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பேன். நடுவில் யாராவது "போதும், விடு பழனி" என்றாலும் நிறுத்த மாட்டேன். கவுடர் இனி வண்டியைக் குன்னூருக்குக் கொண்டுபோவார். கொண்டுபோகட்டும். இந்தத் தடவை யாரும் என்னைத் தேற்ற மாட்டார்கள். தேற்றினால், நான் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். முதலிலிருந்து திரும்பப் படிப்பேன்.

இது உனக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம்.

லூர்து இன்னும் அண்ணா என்று கூப்பிடுகிற,
பழனிச்சாமி